ஜோன் எர்ட்லி ஓவியத்துல இருக்கிறது நிஜப் புல்லா?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்து ஓவியர் ஜோன் எர்ட்லி 1960ல வரைஞ்ச ஒரு புல்வெளி படம், விதை முத்தின புல்லும் டெய்சிப் பூவும், அங்க தேசிய கேலரில இருக்கு. போன்ல பெருசாக்கிப் பாத்தா சில தண்டு பெயின்ட்ட விட்டு எழும்பி நிக்குற மாதிரி தெரியுது. நிஜப் புல்லா, இல்ல கத்தியால இழுத்ததா? நான் ஆறு மாசமா எங்க ஊர் வயக்காட்ட வரைஞ்சு பாக்குறேன், என்ன பண்ணாலும் புல்லு வெறும் பச்சைக் கோடாத்தான் நிக்குது, அதான் கேக்குறேன்.

பதில் 1:
நிஜப் புல்லேதாங்க! எடின்பரோல நேர்ல பாத்திருக்கேன். பக்கவாட்டுல நின்னு பாத்தீங்கன்னா கதிரும் காம்பும் கெட்டி பெயின்ட்டுக்குள்ள புதைஞ்சு கிடக்கிறது நல்லாவே தெரியும், எனக்கு அங்கேர்ந்து நகரவே மனசு வரல. அவங்க இருந்தது கேட்டர்லைன்னு அபர்டீனுக்குத் தெக்கால ஒரு மீனவ கிராமம், பாறை மேட்டுல வரிசையா சின்னச் சின்ன வீடு, கரண்டும் குழாய்த்தண்ணியும் இல்லாத வீட்டுல இருந்துக்கிட்டு புயல் அடிக்கிறப்பவும் வெளில போய் படம் வெச்சு வரையிற ஸ்டாண்ட கயிறு போட்டுக் கட்டி வெச்சு வரைஞ்சவங்க. 1961ல வரைஞ்ச ‘அலை’ பாருங்க, நாலடி உயரம், ஆறடிக்கு மேல அகலம், அதுல பெயின்ட்டோட கரட்டு மணலும் கலந்திருக்கு.

பதில் 2:
மேல சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேத்துக்கிறேன், அவங்க இதையெல்லாம் ஹார்ட்போர்டு, அதாவது மரநார அழுத்திச் செஞ்ச கெட்டிப் பலகை மேலதான் வரைஞ்சாங்க, தொய்யுற கேன்வாஸ்ல இவ்ளோ கனமா அப்பினா நாளாவட்டத்துல வெடிச்சிரும். ஆனா தம்பி, புல்ல ஒட்டினா மட்டும் வயல் வந்துடாது. அவங்க ஒரே வயலோரத்த, ஒரே கடலத் திரும்பத் திரும்ப வரைஞ்சாங்க, கதிர் எந்தப் பக்கம் சாயும்னு கைக்கே தெரிஞ்சிருக்கும். 1963ல பனி மூடின கேட்டர்லைன வரைஞ்சாங்க, அதே வருஷம் ஆகஸ்ட்ல புற்றுநோய்ல போய்ட்டாங்க, 42 வயசுதான். அஸ்தியக் கூட அந்தக் கடற்கரைலதான் தூவினாங்க. நீங்க போட்டோ பாத்து வரையிறீங்களா, வயல்லயே உக்காந்தா?

கேள்வி கேட்டவர்:
போட்டோ பாத்துதான் அண்ணா. ஞாயித்துக்கிழமை போர்டத் தூக்கிட்டு வரப்புக்கே போறேன். அங்கயே புல்லப் பிடுங்கி அப்பிடியே ஒட்டலாமா?

பதில் 2:
பச்சையா ஒட்டாதீங்க, பூஞ்சை பிடிச்சிரும். நாலு நாள் நிழல்ல காயவெச்சு, பெயின்ட் ஈரமா இருக்கிறப்பவே அமுக்குங்க. வரைஞ்சதும் இங்க போடுங்க, பாக்கணும்.