வள்ளலார் காட்சிக்கூடம்: பொத்தானை அழுத்தினால் ஜோதி தெரியலாமா?

சேர்வராயன்:
அம்மாபேட்டையில் ஓர் அன்பர் தன் பழைய தறிக்கூடத்தை எங்கள் சன்மார்க்க சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் வள்ளலார் வாழ்க்கையைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் காட்சிக்கூடமாக அதை மாற்றப் போகிறோம். முதல் அறை, சென்னை ஏழுகிணறு வீடு. சிறுவன் இராமலிங்கம் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தபோது கண்ணாடியில் திருத்தணி முருகன் காட்சி கொடுத்ததாகச் சொல்லும் இடம். வருகிறவர் எதிரே உட்கார்ந்ததும் சென்சார் வேலை செய்து, அவர் முகம் மறைந்து முருகன் தெரிவார். கடைசி அறையில், வள்ளலார் வடலூரில் கட்டிய ஞான சபையின் ஏழு திரைகள். பொத்தானை அழுத்தினால் ஒவ்வொன்றாக விலகி ஜோதி தெரியும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தறிநாடா:
காட்சிக்கூடம் கட்டாயம் வரட்டும் ஐயா. ஆனால் இந்த இரண்டு அறையும் வேண்டாம். கண்ணாடி முன்னால் அந்தப் பையன் எத்தனை நேரம் உட்கார்ந்தானோ! சென்சார் சில நொடிகளில் முருகனைக் கொண்டுவந்துவிட்டால், பார்க்கிற பிள்ளைக்கு அந்த உட்கார்தல் எப்படித் தெரியும்? வெறும் கண்ணாடி, ஓர் அகல், ஒரு பாய் போதும். திரை விஷயம் இன்னும் பெரியது. வடலூரில் மாதப் பூசத்துக்கு ஆறு திரைதான் விலகும். ஏழும் விலகுவது தைப்பூசத்தன்றுதான். வருஷம் முழுக்கக் காத்திருப்பதை ஒரு பொத்தானில் அடக்கக் கூடாது.

சேர்வராயன்:
வடலூர் போக முடியாதவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மூட்டுவலியோடு இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். யாரையும் வெளியே நிறுத்தாதவர் பெயரால் கட்டுவது. அசையாத பொம்மையும் சுவரில் எழுத்துமாக வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் கால் மணி நேரம்கூட நிற்க மாட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:
இரண்டு பேரும் அடுப்பை மறந்துவிட்டீர்களே! பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் வடலூரில் வைத்த தருமச்சாலை 1867 மே 23 அன்று தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நீளம் 21 அடி. அந்த நீளத்தைத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினாலே பிள்ளைகள் ஓடிப்போய் அளந்து பார்ப்பார்கள். அப்புறம் உண்மையாகவே கஞ்சி காய்ச்சுங்கள். பிள்ளை கையில் அகப்பையைக் கொடுத்து, வரிசையில் நிற்பவரின் எவர்சில்வர் தட்டில் ஊற்றச் சொல்லுங்கள். தட்டு சுடும், எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். ஜீவகாருண்யத்தை எந்தத் தொடுதிரையாலும் இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

சேர்வராயன்:
அக்கா, அன்னதானத்தைச் சங்கத்தில் ஏற்கெனவே செய்கிறோம். புரொஜெக்டர் இருக்கும் கட்டடத்தில் விறகுப் புகை ஆகாது. தீயணைப்புத் துறை அனுமதியும் வாங்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:
சரி தம்பி, பின்கட்டில் கேஸ் அடுப்பு வையுங்கள். ஆனால் அங்கே பரிமாறிய பிறகுதான் மற்ற அறைகளுக்கு வழி. கடைசியில் வைத்தால் சாப்பாட்டுக் கூடம் ஆகிவிடும்.

கன்னங்குறிச்சி:
1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் மேட்டுக்குப்பம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை எப்படிக் காட்டப் போகிறீர்கள்? உருவம் ஒளியாகக் கரைவதுபோல் அனிமேஷன் வேண்டாம் என்பது என் கட்சி. மூடிய கதவு மட்டும் இருக்கட்டும். 1906-ல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட அரசுக் கையேடு (கெசட்டியர்) அவர் அறைக்குள் போனதைக் குறித்திருக்கிறது, அந்தப் பக்கத்தைப் பக்கத்தில் வையுங்கள். வள்ளலார் பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என்று எழுந்த சண்டையையும் வழக்கையும் விடாதீர்கள். ஆறுமுக நாவலர் தரப்பு என்ன சொன்னது, வள்ளலார் தரப்பு என்ன சொன்னது, இரண்டையும் பிள்ளைகள் காதில் மாட்டிக் கேட்கட்டும். ஊடாடும் வசதி அங்கேதான் உண்மையில் தேவை.

சேர்வராயன்:
வழக்கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அடியார்கள் புண்படுவார்கள். ஆனால் அவர் ஒளியுடம்பு பெற்றார் என்பது எங்கள் நம்பிக்கை. அதைச் சொல்லாத கூடத்துக்கு நான் நிதி திரட்ட முடியாது.

கன்னங்குறிச்சி:
சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? ‘அன்பர்கள் நம்புவது’ என்று எழுதி, கையேட்டுப் பக்கத்துக்கு அருகே வையுங்கள். எதிர்ப்பை மறைத்தால், ஒரு மனிதர் எவ்வளவு பெரிய எதிர்ப்புக்கு நடுவே பாடினார் என்பதும் மறைந்துபோகும்.

தறிநாடா:
திரைக்கு வருகிறேன் ஐயா. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என ஏழையும் கைத்தறியில் நானே நெய்து தருகிறேன், கூலி வேண்டாம். பொத்தானுக்குப் பதில் கயிறு. ஆறு திரையைப் பிள்ளைகள் தாங்களே இழுக்கட்டும். ஏழாவதைச் சட்டத்தோடு தைத்துவிடுவேன், அது அசையாது. நீங்கள் சொன்ன மலைப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தைப்பூசத்தன்று சங்கம் வடலூருக்கு ஒரு பஸ் விடட்டும். இதற்குச் சம்மதமா, சொல்லுங்கள். பாவு போட வேண்டும்.