வடக்குத் தெரு குடும்பக் குழு: தம்பிக்கு முதல் பங்க் ஆல்பம் எது?

தம்பி: எல்லோருக்கும் ஒரு கேள்வி. கிட்டார் வகுப்பில் சார் பங்க் ராக் கேட்டுப் பார், வேகமான முரட்டு ராக் இசை என்றார். ஆரம்பகால ஆல்பங்களில் எதை முதலில் கேட்பது? தேடினால் ஆளுக்கொரு பட்டியல் வருகிறது. எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள் போதும்.

அண்ணன்: ரமோன்ஸ், முதல் ஆல்பம், 1976. யோசிக்கவே வேண்டாம்.

லண்டன் மாமா: க்ளாஷ், முதல் ஆல்பம், 1977. லண்டன் காலிங் இல்லை மருமகனே, அதற்கு முந்தியது.

சித்தப்பா: செக்ஸ் பிஸ்டல்ஸ் பெயரே வராமல் பங்க் பேச்சா? நெவர் மைண்ட் த பொலாக்ஸ். நான் காலேஜ் ஹாஸ்டலில் பதிவு செய்த கேசட்டில் தேயத் தேயக் கேட்டது. அந்தக் குரல் மாதிரி ஒரு குரலை அதுவரைக்கும் கேட்டதில்லை, பாடகர் நம்மை நேரே பார்த்துத் திட்டுகிற மாதிரி இருக்கும்.

லண்டன் மதினி: மூன்று பேரும் சொன்னது ஆண்கள் மட்டுமே இருக்கிற குழுக்கள். தம்பி, எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்று தேடு, ஜெர்ம்ஃப்ரீ அடாலசன்ட்ஸ், 1978. முதல் பாட்டு முடியும்போதே உனக்குத் தெரிந்துவிடும்.

சித்தி: சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் முழித்திருக்கிறீர்களே! நான் நாளைக்கு மாவு அரைக்கும்போது இதில் ஒன்றைக் கேட்கிறேன், அவன் ரூமிலிருந்து எப்படியும் இந்தச் சத்தம்தான் வரப்போகிறது.

அண்ணன்: சித்தி, ரமோன்ஸ் போடுங்கள். மொத்தம் 29 நிமிடம்தான், 14 பாட்டு. மாவு அரைபடுவதற்குள் ஆல்பம் முடிந்துவிடும். தம்பி, நான் ஏன் அதைச் சொல்கிறேன் தெரியுமா? 1976 வாக்கில் ராக் ஆல்பம் என்றால் மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்வார்கள், ஒரு பாட்டே 20 நிமிடம் ஓடும், அதைக் கேட்கிற பையனுக்கு இதெல்லாம் நம்மால் ஆகாது என்றுதான் தோன்றும். நியூயார்க் குவீன்ஸிலிருந்து வந்த இந்த நாலு பேர் சுமார் 6,400 டாலரில் முழு ஆல்பத்தையும் முடித்தார்கள். எல்லாம் இரண்டு நிமிடப் பாட்டு. கிட்டார் சோலோ என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதைக் கேட்டவனுக்கு நாளைக்கே நாமும் ஒரு குழு தொடங்கலாம் என்று தோன்றியது பார், அதுதான் அந்த ஆல்பம் செய்த வேலை.

லண்டன் மாமா: மருமகனே, ரமோன்ஸ் இல்லாமல் லண்டனில் ஒன்றுமே நடந்திருக்காது என்று சொல்ல வருகிறாய். 1976 ஜூலை 4 அன்று அவர்கள் இங்கே ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் வாசித்தார்கள், சரி. அதே நாள் ராத்திரி ஷெஃபீல்டில் க்ளாஷ் தன் முதல் நிகழ்ச்சியை வாசித்தது, பிஸ்டல்ஸுக்கு முன்னால். இங்கே ஏற்கெனவே பற்றிக்கொண்டுவிட்டது.

அண்ணன்: ஆல்பம் ஏப்ரலிலேயே வந்துவிட்டதே மாமா. பிஸ்டல்ஸின் சிட் விஷியஸ் பேஸ் கிட்டார் பழகியதே அதைப் போட்டுவிட்டுக் கூடவே வாசித்துத்தான்.

நான்: இரண்டு கேள்வி கலந்து ஓடுகிறது. எது சிறந்தது என்பது ஒன்று, எது நிறையப் பேரை மாற்றியது என்பது இன்னொன்று. டெட்ராய்டில் டெத் என்று ஒரு குழு, ஹாக்னி சகோதரர்கள் மூன்று பேர், கறுப்பின இளைஞர்கள். 1975-லேயே இந்த வேகத்தில், இந்த ஆவேசத்தில் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டார்கள், ரமோன்ஸ் ஸ்டூடியோவுக்குள் போவதற்கு முன்பே. குழுவின் பெயரை மாற்று என்று ரெக்கார்டு கம்பெனி பக்கமிருந்து கேட்டபோது மாற்ற மாட்டோம் என்றார்கள். அந்தப் பாட்டுகள் ஆல்பமாக வெளிவந்தது 2009-ல். பாட்டுகளுக்குப் பின்னால் இருந்த மூத்தவர் டேவிட் அதற்கு முன்பே, 2000-ல் இறந்துவிட்டார். எனக்கு அது அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆல்பங்களில் ஒன்று. ஆனால் யாரையும் அது மாற்றவில்லை, மாற்ற வாய்ப்பே தரப்படவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தம்பி: இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்லை அக்கா. குறித்துக்கொண்டேன்.

சித்தப்பா: மாற்றியது என்று பேசினால் பிஸ்டல்ஸைத் தாண்டி யார்? வந்த வாரமே பிரிட்டனில் முதல் இடம். பெரிய கடைகள் விற்க மறுத்தன, நாட்டிங்காமில் ஒரு ரெக்கார்டு கடையில் அட்டையைக் காட்சிக்கு வைத்ததற்கு வழக்கு நடந்தது, அதிலும் ஜெயித்தார்கள். ராணியின் வெள்ளி விழா வருஷத்தில் பிபிசி ஒலிபரப்ப மறுத்த பாட்டு தரவரிசையில் இரண்டாம் இடம் வரைக்கும் வந்தது. ஒரு நாட்டையே உலுக்கிய ஆல்பம் அது.

நான்: சித்தப்பா, உலுக்கியது பிஸ்டல்ஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வேலையை ஆல்பம் செய்யவில்லை. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டர் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் அவர்கள் வாசித்தபோது இருந்த கூட்டம் மிகச் சின்னது, அதில் இருந்த பீட்டர் ஹூக்கும் பெர்னார்ட் சம்னரும் அதைப் பார்த்துவிட்டுத் தொடங்கிய குழுதான் ஜாய் டிவிஷன் ஆனது. அந்த நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த இருவர் நடத்திய குழு பஸ்காக்ஸ். 1977 ஜனவரியில் கடன் வாங்கிய சுமார் 500 பவுண்டில் நாலே பாட்டு கொண்ட ஒரு தட்டைச் சொந்தமாகவே வெளியிட்டார்கள், பெரிய கம்பெனி இல்லாமலும் தட்டு போடலாம் என்று மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது அப்படித்தான். இதெல்லாம் நடந்தபோது பிஸ்டல்ஸ் ஆல்பம் எங்கே? அது வந்தது 1977 அக்டோபர் 28. அதற்குள் டாம்ட் ஆல்பம் வந்துவிட்டது, க்ளாஷ் வந்துவிட்டது, ஆஸ்திரேலியாவிலிருந்து செயின்ட்ஸ் வந்துவிட்டது. பிஸ்டல்ஸ் ஆல்பத்திலேயே நாலு பாட்டு முன்கூட்டியே சிங்கிளாக வந்தவை. எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்து சேர்ந்த ஆல்பம் அது.

லண்டன் மதினி: இதற்கு நானும் ஒன்று சேர்க்கிறேன். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸில் பாடிய பாலி ஸ்டைரீன், தன் 19-வது பிறந்த நாளில் ஹேஸ்டிங்ஸ் கடற்கரைப் பட்டணத்தில் பிஸ்டல்ஸ் வாசிப்பதைப் பார்த்தார், 1976 ஜூலை. அதன் பிறகுதான் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். நீ சொல்வதுதான், ஆல்பம் இல்லை, ஆளை நேரில் பார்த்தது.

சித்தப்பா: அப்படியென்றால் அந்த ஆல்பத்தில் ஒன்றுமே இல்லையா?

அண்ணன்: இருக்கிறது சித்தப்பா, கிட்டார் சத்தத்துக்காகவே நான் அதை அடிக்கடி போடுவேன். பிஸ்டல்ஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஜோன்ஸ் ஒரே பாட்டில் கிட்டாரைத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கடுக்காகப் பதிவு செய்திருக்கிறார், பேஸைக்கூடப் பெரும்பாலும் அவரே வாசித்தார். தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸ் பிங்க் ஃபிளாய்டோடு வேலை செய்தவர். அவ்வளவு கனமான ஒலிச்சுவரை வீட்டில் ஒரு சின்ன ஆம்ப் வைத்துக்கொண்டு தம்பி கட்ட முடியாது. கேட்டு ரசிக்க அருமை, பழகுவதற்கு ரமோன்ஸ்.

லண்டன் மாமா: பழகுவது பழகுவது என்கிறீர்கள். நான் ஏன் க்ளாஷ் என்கிறேன் என்று ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே படிக்க வந்த காலம் அது. ஈஸ்ட் ஹாமில் ஒற்றை அறை. நேஷனல் ஃபிரன்ட் என்ற இனவெறிக் கட்சிக்காரர்கள் ஊர்வலம் போவார்கள், சுவர்களில் எல்லாம் அவர்கள் எழுத்து, இருட்டிய பிறகு பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்க மாட்டோம். 1976 ஆகஸ்டில் எரிக் கிளாப்டன் பர்மிங்காம் மேடையிலேயே வெளிநாட்டவர்களுக்கு எதிராகப் பேசினார், நாங்கள் கிட்டாருக்காகக் கொண்டாடிய மனிதர். அதே மாதக் கடைசியில் நாட்டிங் ஹில் திருவிழாவில் போலீசுக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் பெரிய மோதல், க்ளாஷின் ஜோ ஸ்ட்ரம்மரும் பால் சிமனனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அதிலிருந்து வந்த பாட்டு இந்த ஆல்பத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரக் குழு ஒன்று ஜூனியர் மர்வினின் ஜமைக்கா ரெகே பாட்டைத் தன் முதல் ஆல்பத்திலேயே எடுத்து ஆறு நிமிடம் வாசித்தது, மற்ற பாட்டெல்லாம் இரண்டு, மூன்று நிமிடம். யாருடைய பக்கம் நிற்கிறோம் என்பதை அதைவிட எப்படிச் சொல்வது? பாப் மார்லியே அந்த வருஷம் பங்க் குழுக்களின் பெயரைச் சொல்லி ஒரு பாட்டுப் பாடினார்.

லண்டன் மாமா: 1978 ஏப்ரல் 30, டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பார்க் வரைக்கும் இனவெறிக்கு எதிரான ஊர்வலம். நானும் நடந்தேன். அங்கே க்ளாஷ் வாசித்தது, ஸ்டீல் பல்ஸ் வாசித்தது. அத்தனை ஆயிரம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் எங்கள் பக்கம் நிற்பதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கண்ணால் பார்த்தேன். அதே வாரம் மே 4 அன்று வைட்சாப்பலில் அல்தாப் அலி என்ற வங்காளத் தொழிலாளியை வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் குத்திக் கொன்றார்கள். அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வருஷங்களில் எனக்குத் துணையாக இருந்த ஆல்பம் எது என்று கேட்டால் எனக்கு வேறு பதில் கிடையாது.

சித்தி: அண்ணே, இதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எங்களிடம் சொன்னதில்லையே.

லண்டன் மாமா: அம்மா கவலைப்படுவாள் என்று கடிதத்தில் எழுதுவதில்லை. அப்புறம் அப்படியே விட்டுப்போயிற்று.

லண்டன் மதினி: அப்பா, அந்த விக்டோரியா பார்க் மேடையில் பாலி ஸ்டைரீனும் பாடினார். அவருடைய அப்பா சோமாலியாவிலிருந்து வந்தவர். பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு, கண்ணைப் பறிக்கிற நிறத்தில் உடை போட்டுக்கொண்டு, நான் இப்படித்தான் இருப்பேன் என்று நின்றார். நீங்கள் சொல்லும் க்ளாஷ் எங்களுக்காகப் பேசியது, அது பெரிய விஷயம், நான் மறுக்கவே இல்லை. பாலி ஸ்டைரீன் எங்களைப் போன்ற ஒருத்தியாகவே பேசினார். பள்ளிக்கூடத்தில் என்னை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியாமல் இருந்த வயதில் அந்த ஆல்பம் என் கைக்கு வந்தது. கண்ணாடி முன்னால் நிற்கிற பெண் யார் என்று கேட்கிற பாட்டு, பிளாஸ்டிக் பொருள்களைப் பற்றி, விளம்பரத்தைப் பற்றிப் பாட்டு. இன்றைக்கு எழுதியதுபோல இருக்கும்.

நான்: மதினி சொல்வதோடு ஸ்லிட்ஸ் என்ற குழுவின் கட் ஆல்பத்தையும் சேர்க்க வேண்டும், 1979. ரெகே எப்படிப் பங்குக்குள் வந்தது என்று மாமா சொன்னாரே, அது அங்கே இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது. தயாரித்தவரே டென்னிஸ் போவெல் என்ற ரெகே இசைக்கலைஞர். பாடகி பாட்டி ஸ்மித்தின் ஹார்சஸ் 1975-லேயே வந்துவிட்டது, ரமோன்ஸுக்கும் முன்னால். அதையும் கேள், ஆனால் அது அவசரமில்லாமல் உட்கார்ந்து கேட்க வேண்டியது.

தம்பி: மாமா, க்ளாஷ் பெயரை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிற மாயா அருள்பிரகாசம் பாட்டில்?

லண்டன் மாமா: சபாஷ். பேப்பர் பிளேன்ஸ் பாட்டில் பின்னால் சுழல்கிற அந்த இசை க்ளாஷின் ஸ்ட்ரெய்ட் டு ஹெல், 1982. புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிய பாட்டு. அதை ஒரு ஈழத்துப் பெண் எடுத்துத் தன் பாட்டாக்கினாள். முதல்முதலாக அதைக் கேட்டபோது ஒரு நிமிடம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

(ஞாயிறு)

சித்தி: மருமகள் சொன்னதை மாவு அரைக்கும்போது போட்டேன். வரிகள் பாதி புரியவில்லை. ஆனால் நடுவில் அந்த சாக்ஸபோன் வருகிறதே, கோயில் கொடையில் நாகஸ்வரக்காரர் மேளத்தை முந்திக்கொண்டு ஓடுவாரே, அப்படி இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நல்ல தொண்டை. இன்னொரு தடவை கேட்பேன்.

லண்டன் மதினி: அத்தை!! இது போதும் எனக்கு.

அண்ணன்: தம்பி, ரமோன்ஸ் கேட்டாயா? ஹெட்ஃபோன் போட்டுக் கேள். அந்த ஆல்பத்தில் கிட்டார் ஒரு பக்கம், பேஸ் மறுபக்கம், நடுவில் குரலும் டிரம்ஸும். ஒரு காதை மட்டும் கழற்று.

தம்பி: கேட்டேன் அண்ணே. பேஸ் இருக்கிற காதைக் கழற்றியதும் கிட்டார் தனியாக வந்துவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவதுபோல. கார்டு மாறுவது ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் எல்லாமே கீழ்நோக்கியே அடிக்கிறார், ஒரு தடவைகூட மேலே வரவில்லை. மூன்றாவது பாட்டிலேயே எனக்கு மணிக்கட்டு விட்டுப்போய்விட்டது.

அண்ணன்: ஜானி ரமோன் அப்படித்தான், எல்லாம் டவுன்ஸ்ட்ரோக். கை இறுகினால் வலிக்கும், தோளைத் தளர்த்திவிட்டு மெதுவாகத் தொடங்கு, வேகம் தானாக வரும்.

நான்: இதனால்தான் என் ஓட்டும் ரமோன்ஸுக்கு. மாமாவுக்கு அந்த வருஷங்களில் க்ளாஷ் செய்ததை வேறு எதுவும் செய்திருக்க முடியாது, மதினிக்கு எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் அப்படி. ஆனால் யார் என்ன என்று ஒன்றும் தெரியாத ஒருவன் கையில் கிட்டாரோடு உட்கார்ந்தால், அந்த 29 நிமிடம் அவனுக்கு அப்படியே வழி காட்டுகிறது. வந்தபோது அது சரியாக விற்கவே இல்லை. அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிக்கான தங்கத் தட்டு கிடைத்தது 2014-ல், 38 வருஷம் கழித்து. அப்போது நாலு பேரில் டாமி ஒருவர்தான் உயிரோடிருந்தார், அவரும் அந்த ஜூலையில் போய்விட்டார்.

சித்தப்பா: சரி, முதல் இடம் ரமோன்ஸுக்கு விட்டுத்தருகிறேன். பிஸ்டல்ஸை எப்போது போடுவாய்டா?

தம்பி: நாளைக்கு அப்பா, ஸ்பீக்கரில், நீங்கள் ஆபீஸிலிருந்து வந்ததும். இப்போது க்ளாஷ் போடப்போகிறேன் மாமா.

லண்டன் மாமா: பொறு பொறு. அந்த ஆல்பம் இரண்டு விதமாக இருக்கிறது. ஒலி கரடுமுரடாக இருக்கிறது என்று அமெரிக்கக் கம்பெனி முதலில் வெளியிடவே இல்லை, அங்கே இறக்குமதியாகவே ஒரு லட்சம் பிரதி போனது. 1979-ல்தான் வெளியிட்டார்கள், அதுவும் சில பாட்டை எடுத்துவிட்டு, பிந்திய சிங்கிள்களைச் சேர்த்து. உன்னிடம் இருப்பதில் ஐ ஃபாட் த லா இருக்கிறதா பார்.

தம்பி: இருக்கிறது மாமா.

லண்டன் மாமா: அப்போ அது அமெரிக்கப் பதிப்பு. நல்ல பாட்டுகள்தான், ஆனால் 1977 ஏப்ரலில் நாங்கள் கேட்டது அது இல்லை. ஜேனி ஜோன்ஸ் பாட்டில் தொடங்குவதைத் தேடு, 14 பாட்டு இருக்கும். கிடைக்காவிட்டால் சொல், என் தட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்புகிறேன்.