ஞாயிறு டெஸ்ட்டா, பூசையா? பிள்ளையின் விசுவாசம் யார் பொறுப்பு?

ஓசூர் நைட்ஷிப்ட்: பையன் பத்தாவது. தருமபுரி பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளி. ஞாயிறு காலையில் டெஸ்ட் இருப்பதால் சர்ச்சில் பூசைக்கு அனுப்ப மாட்டார்கள். எனக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை, வீட்டம்மா நர்ஸ். ஊருக்குப் போனபோது பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தும் மறைக்கல்வி டீச்சர் ஒருவர், "விசுவாசத்தைக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அப்படியானால் பங்குச் சாமியார், கன்னியாஸ்திரி சிஸ்டர், மறைக்கல்வி எல்லாம் எதற்கு? பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

கோவிலூர் டீச்சர்: அந்த டீச்சர் நானில்லை. ஆனால் நானும் அதையேதான் சொல்வேன். ஞானஸ்நானத்தின் தொடக்கத்திலேயே சாமியார் பெற்றோரிடம் கேட்கிறார்: பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பு தெரிந்துதான் வந்திருக்கிறீர்களா என்று. "தெரியும்" என்று தலையாட்டியது நீங்கள். 1965-இல் நம் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் பெற்றோரைத்தான் பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என்றது. எனக்குக் கிடைப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, வரும் பிள்ளைகள் பத்துக் கட்டளையை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். வீட்டில் ஜெபமாலை யார் சொல்வது என்று கேட்டால் பாட்டி என்கிறார்கள். பாட்டிக்குப் பிறகு?

ஓசூர் நைட்ஷிப்ட்: பைபிளில் அன்னாள் என்ன செய்தாள் டீச்சர்? பால் மறந்ததும் மகன் சாமுவேலைச் சீலோ ஆலயத்தில் குரு ஏலியிடம் கொண்டுபோய் விட்டாள். அவன் இறைவாக்கினர் ஆனான். ஏலி கூடவே வைத்து வளர்த்த சொந்த மகன்கள்தான் கெட்டுப்போனார்கள். நான் ஹாஸ்டலில் விட்டது மட்டும் தப்பா?

கோவிலூர் டீச்சர்: வருஷா வருஷம் சின்ன அங்கி ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு போனாளே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? தவிர, அவள் விட்டது ஆலயத்தில். டெஸ்ட் ஹாலில் இல்லை.

கிருஷ்ணகிரி லூத்தரன்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அமெரிக்காவின் மிசௌரி லூத்தரன் மிஷன் 1895-இல் இந்தியாவில் வேலையைத் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரியில்தான், அந்த உரிமையில் பேசுகிறேன். லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்றுதான் பகுதிக்குப் பகுதி தலைப்பே இருக்கும். எல்லாவற்றையும் சபை ஆயர் தலையில் கட்டுவது அப்போதே உண்டு போல! அண்ணே, அரை மணி ஜெபமெல்லாம் வேண்டாம். போனில் ஒரு வசனம் சொல்லலாமே?

ஓசூர் நைட்ஷிப்ட்: ஞாயிறு சாயங்காலம் வார்டன் போன், ஆளுக்கு ஐந்து நிமிஷம். பின்னால் வரிசையில் பையன்கள் "டேய், சீக்கிரம் வைடா" என்று கத்துவது எனக்கே கேட்கும். அதில் "சாப்பிட்டியா, மார்க் எவ்வளவு" கேட்பதற்குள் முடிந்துவிடும்.

பாலக்கோடு தம்பி: எங்கள் வீட்டில் அப்பா எல்லாம் செய்தார். எட்டு மணிக்கு ஜெபமாலை தப்பாது. முழங்காலில் நிற்க வேண்டும், கண் சொக்கினால் குட்டு விழும். ஐம்பத்து மூன்று அருள் நிறை மந்திரத்துக்கு நடுவிலேயே வரப்புத் தகராறுக்காகச் சித்தப்பாவைத் திட்டுவார், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். பெங்களூரு வேலைக்குப் போனதும் நான் முதலில் விட்டது ஜெபமாலையைத்தான். வீட்டைப் பார்த்துத்தான் பிள்ளை கற்கும் என்கிறீர்கள் டீச்சர். நானும் பார்த்துத்தான் கற்றேன்.

எலத்தகிரி மகள்: என் வீட்டுக்காரர் இந்து. பைபிளில் பவுலின் சீடன் திமொத்தேயுவின் அப்பாவும் யூதரல்லாத கிரேக்கர்தான். அவனுடைய விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்கிறார் பவுல். குட்டு வைத்ததாக எங்கும் இல்லை.

கோவிலூர் டீச்சர்: தம்பி சொல்வதை மறுக்கவில்லை, குட்டு வைத்து வளர்ப்பது என் கட்சியும் இல்லை. ஆனால் அதற்காக ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடலாம் என்று ஆகிவிடாது. ஓசூர் அண்ணே, சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் ஞாயிறு பூசைக் கடன் தீரும். பள்ளியில் கேட்டீர்களா?

ஓசூர் நைட்ஷிப்ட்: சனி சாயங்காலம் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ்.

கோவிலூர் டீச்சர்: சரி, வார்டன் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நானே பேசிப் பார்க்கிறேன்.

பாலக்கோடு தம்பி: அந்தப் போனையும் அப்பாதானே போட வேண்டும் டீச்சர்?