புதுப்பிப்பு: 74 வயதில் இடுப்புவலி, கைரோபிராக்டிக் போகலாமா?

அம்மாவுக்கு நாள்பட்ட இடுப்புவலி, நடையில் தடுமாற்றம். கைரோபிராக்டிக்கில் (முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருகும் சிகிச்சை) முதுகை நெட்டி எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"முதல்ல டெக்ஸா ஸ்கேன் எடுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. அது எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற அளவு -2.8 வந்தது, -2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாவது). அந்த எலும்பைச் சட்டென்று அழுத்தித் திருகினால் நொறுங்கலாம். அதனால் நெட்டி எடுப்பதை அறவே விட்டோம். கழுத்தையும் யாரும் திருக விடாதீர்கள்: அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் தமனி கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

வலி குறைந்தது பிசியோதெரபியில்தான். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வதே முக்கியப் பயிற்சி. உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும். அப்போதும் தொடைக்கு நல்ல வேலை. குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி எலும்புப்புரைக்கு ஆகாது, முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கும்.

எதிர்பாராதது ஒன்று: தடுமாற்றத்துக்குக் காரணம் முதுகு இல்லை. படுத்து எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் பிரஷரின் மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் இறங்கியது. மருத்துவர் பிரஷர் மாத்திரையைக் குறைத்த பிறகு தடுமாற்றம் இல்லை.