செயற்கைப் பொது நுண்ணறிவு: மாதிரியைப் பெரிதாக்கினால் போதுமா, கற்கும் முறையையே மாற்ற வேண்டுமா?

கோரையாறு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியில் முதுநிலைக் கணினிப் பயன்பாட்டியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி நான். "மொழி மாதிரிகளைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் பொது நுண்ணறிவு தானாக வந்து சேரும்" என்ற தலைப்பில் எங்கள் துறையில் ஒரு சொற்போர் வைத்திருக்கிறார்கள். மொழி மாதிரி என்பது ஏராளமான எழுத்துகளில் பயின்று உரையாடும் நிரல்; பொது நுண்ணறிவு என்பது மனிதரைப் போல எந்த வேலையையும் கற்றுச் செய்யும் திறன். மறுத்துப் பேசும் அணி எனக்கு. வாதத்தில் வெல்வதற்காக அல்ல, எது சரி என்று தெரிந்துகொள்ளவே இங்கே கேட்கிறேன். ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நத்தேனியல் ரோசெஸ்டர், கிளாட் ஷானன் நால்வரும், இத்துறைக்குத் தொடக்கமாகக் கருதப்படும் 1956ஆம் ஆண்டு டார்ட்மவுத் கூட்டத்துக்காக எழுதிய முன்மொழிவில், தேர்ந்தெடுத்த அறிவியலாளர்கள் ஒரு கோடைக்காலம் சேர்ந்து உழைத்தால் கணிசமான முன்னேற்றம் காணலாம் என்று நம்பினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எந்த வழியில் போவது என்பதே முடிவாகவில்லை.

இதை யோசிக்கக் காரணமான ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம், கடைமடை. கார்த்திகை மழையில் சம்பா வயல் மூழ்கிக் கிடந்தபோது, என்ன செய்யலாம் என்று கைப்பேசியில் ஓர் உரையாடல் செயலியிடம் தமிழிலேயே கேட்டேன். தண்ணீரை வடியவிட்டு, யூரியாவுடன் ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்து இடச் சொன்னது. வேளாண் துறையினர் சொல்வதும் அதுதான். அப்பாவோ உரத்தைக் கலக்கவே இல்லை. வடிகால் வாய்க்காலுக்குப் போய் ஒரு வைக்கோல் துரும்பைப் போட்டுப் பார்த்தார். அது கடல் பக்கம் நகராமல் போட்ட இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பௌர்ணமி ஓதம், கடல் வாங்கும்வரை வடியாது, இன்று கலந்தால் உரம் பாழ் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஓதம் என்றால் என்ன என்று செயலிக்குத் தெரியாமல் இல்லை. தனியாகக் கேட்டால் பக்கம் பக்கமாக விளக்குகிறது. தெரிந்த செய்தி தேவைப்பட்ட இடத்தில் ஏன் வந்து சேரவில்லை? கூடுதல் தரவும் கணிப்புத் திறனும் கொடுத்தால் தீர்ந்துவிடும் குறையா இது, அல்லது கட்டுமானத்திலேயே உள்ள குறையா?

குடந்தை நிரலர்

தங்கைக்கு வணக்கம். நான் கும்பகோணத்துக்காரன், சென்னையில் இயந்திரக் கற்றல் பணியில் இருக்கிறேன். உங்கள் எதிரணியின் பக்கம்தான் உண்மை அதிகம் என்பது என் கருத்து.

மனிதர்கள் தங்கள் அறிவை விதிகளாக எழுதி இயந்திரத்துக்குள் ஏற்றிய முயற்சிகள் ஒவ்வொன்றும் ஓரளவு தூரம் போய் நின்றுவிட்டன. டக்ளஸ் லெனட் 1984இல் தொடங்கிய சைக் திட்டம், நடைமுறைப் பொது அறிவை ஒவ்வொரு கூற்றாக எழுதிச் சேர்ப்பதில் பல பத்தாண்டுகளைச் செலவிட்டது. அதே காலத்தில் பலரும் கைவிட்டிருந்த நரம்பியல் வலையமைப்பு, அதாவது விதிகளை எழுதாமல் எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் முறை, 2012ஆம் ஆண்டு இமேஜ்நெட் என்ற படம் அறியும் போட்டியில் லட்சக்கணக்கான படங்களில் பயின்று 15.3 விழுக்காடு பிழையுடன் முதலிடம் பெற்றது. அடுத்து வந்த அணியின் பிழை 26.2 விழுக்காடு. கணிப்புத் திறன் கூடக்கூட மேம்படும் பொது முறைகளே இறுதியில் வெல்கின்றன என்று கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் சட்டன் 2019இல் எழுதியது இந்த அனுபவத்தை வைத்துத்தான்.

பெரிதாக்குவது என்றால் பாராமீட்டர்களை, அதாவது பயிற்சியில் சரிசெய்யப்படும் உள் எண்களை, கூட்டுவது மட்டும் என்று உங்கள் அணி எடுத்துக்கொள்ளக் கூடாது. டீப்மைண்ட் நிறுவனத்தார் 2022இல் உருவாக்கிய சின்சில்லா மாதிரியில் இருந்தவை 7,000 கோடி பாராமீட்டர்களே. ஆனால் அது 1.4 லட்சம் கோடி டோக்கன்களில் (சொல் துண்டுகளில்) பயின்றதால், ஏறக்குறைய அதே அளவு கணிப்பைச் செலவிட்டு 28,000 கோடி பாராமீட்டர்களுடன் உருவான அவர்களின் முந்தைய மாதிரியான கோஃபரை முந்தியது. எதை எந்த விகிதத்தில் கூட்டுவது என்பதும், அளவு கூடும்போது திறன் எப்படிக் கூடும் என்று கணிக்கும் அளவுவிதிகள் காட்டித்தரும் பாடமே.

உங்கள் தந்தையின் கண்ணுக்குத் தெரிந்த வாய்க்கால் செயலிக்குத் தெரியவில்லை. படமும் ஓத அட்டவணையும் வடிகாலில் ஒரு நீர்மட்ட உணரியும் கொடுத்திருந்தால் அதுவும் அதே முடிவுக்கு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். குறை உள்ளீட்டில், கட்டுமானத்தில் அல்ல.

திருவாரூர் ஆசிரியை

நிரலர் தம்பி சொன்ன வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் அவர் ஒரு முக்கியமான வேலையைத் தாமே செய்து முடித்துவிட்டார். எந்த உணரியை எங்கே வைக்க வேண்டும், எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர் அவரே. இந்த மாணவியின் தந்தைக்கு அதை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வடியும் என்று நம்பி உரத்தைக் கலந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டிப் பார்த்து, அந்த நம்பிக்கை உறுதியில்லாதது என்று உணர்ந்து, அதைச் சோதிக்க மிக மலிவான ஒரு வழியை அங்கேயே கண்டுபிடித்தார். துரும்பைப் போட்டது ஒரு பரிசோதனை. கேட்ட கேள்விக்கு விடை தருவதற்கும், கேள்வியே சரியான இடத்தில் நிற்கிறதா என்று உலகத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் நாம் பேச வேண்டும். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் யான் லெகூன் 2022இல் முன்வைத்த கட்டுமானத்தில், செயலின் விளைவை முன்கணிக்கும் உலக மாதிரி ஒன்றை நடுவில் வைத்தது இதற்காகத்தான்; அவர் வழி வெல்லுமா என்பது வேறு, நோய் இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டியிருக்கிறார்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அந்தச் செயலியிடம் இன்றைக்கு இந்த மாணவி வடிகால் நிலவரத்தை விளக்கினால், அந்த உரையாடல் முடியும்வரை அது பொருத்தமாகப் பேசும். அடுத்த கார்த்திகையில் மறுபடி யூரியாவிலிருந்து தொடங்கும். பயிற்சி முடிந்ததும் வலையமைப்பின் எடைகள், அதாவது தம்பி சொன்ன பாராமீட்டர்கள், உறைந்துவிடுகின்றன. அதன்பிறகு கோடிப் பேரிடம் பேசினாலும் அந்த அனுபவம் அவற்றில் படிவதில்லை. உறையாமல் விட்டுவிடலாமே என்றால், புதியதைக் கற்பிக்கும்போது பழையது அழிந்துபோகும் சிக்கல் வருகிறது. மக்லாஸ்கியும் கோஹனும் 1989இலேயே இதைக் காட்டினார்கள். தணிக்கும் வழிகள் பல வந்திருந்தாலும் முழுத் தீர்வு இன்னும் இல்லை. உரையாடல்களைக் குறிப்பாகச் சேமித்துத் தேடி எடுத்துக் கொடுப்பது பயனுள்ள ஏற்பாடுதான். இருந்தாலும் நாற்பது சம்பா பார்த்தவர் நாற்பது குறிப்பேடுகளைப் புரட்டுவதில்லை. பார்க்கும் பார்வையே மாறியிருக்கிறது.

அனுபவத்தின் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2017இல் வந்த, கோ என்ற பலகை விளையாட்டை ஆடும் ஆல்ஃபாகோ ஜீரோ, மனிதர்களின் ஆட்டங்கள் எதையும் பார்க்காமல் தன்னோடு தானே 49 லட்சம் ஆட்டங்களை 3 நாள்களில் ஆடிக் கற்று, கோ வீரர் லீ சேடோலை வென்ற முந்தைய பதிப்பை 100க்கு 0 என்று வீழ்த்தியது. வியக்கத்தக்க சாதனைதான், ஆனால் அந்தப் பலகையின் விதிகள் முழுவதும் தெரிந்தவை, வெற்றி தோல்வி ஐயமற்றது, ஆட்டத்துக்குச் செலவில்லை. சம்பா ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது, அதிலும் ஓர் ஆண்டு போல் மறு ஆண்டு இருப்பதில்லை. மிகச் சில விளைவுகளிலிருந்து கற்றுக்கொள்ளத் தெரியாத ஒன்றை, எத்தனை தேர்வுகளில் தேறினாலும், பொது நுண்ணறிவு என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. ஆலன் டூரிங் 1950ஆம் ஆண்டுக் கட்டுரையில், வளர்ந்தவரின் மனத்தை உருவாக்க முயல்வதைவிட ஒரு குழந்தையின் மனத்தை உருவாக்கி அதற்குக் கல்வி புகட்டலாமே என்று கேட்டார். நாம் கட்டியிருப்பது நூலகம் முழுவதையும் படித்து முடித்த பிறகு கல்வியை நிறுத்திக்கொண்ட ஒன்று. மொழி மாதிரிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. அவற்றின் மேல், பணியில் இறங்கிய பின்னும் கற்றுக்கொண்டே இருக்கும் முறையைக் கட்ட வேண்டும் என்கிறேன்.

குடந்தை நிரலர்

ஆசிரியைக்கு ஒரு மறுப்பு. சில உதாரணங்களிலிருந்து புதிய விதியைக் கண்டுபிடிக்கும் திறனைச் சோதிக்கவே பிரான்சுவா ஷோலே 2019இல் ஆர்க் என்ற புதிர்த் தேர்வை வடிவமைத்தார். அதில் நெடுங்காலம் தடுமாறிய மாதிரிகள், சரியான விடைக்குப் பரிசு தந்து பழக்கும் வலுவூட்டல் கற்றலால் படிப்படியாகச் சிந்திக்கப் பழக்கப்பட்ட பிறகு, 2024 டிசம்பரில் 75 விழுக்காட்டைத் தாண்டின. எந்த இடத்தில் சுவர் என்று சொன்னாலும் அந்தச் சுவர் விழுந்துகொண்டே இருக்கிறது.

திருவாரூர் ஆசிரியை

உண்மை. ஆனால் அடுத்த மார்ச்சில் அதே தேர்வின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, அந்த மாதிரிகள் முதலில் ஒற்றை இலக்க விழுக்காட்டுக்கே இறங்கின. ஷோலே அளக்க விரும்பியது மதிப்பெண்ணை அல்ல. புதிய திறனை எவ்வளவு குறைந்த அனுபவத்தில் ஈட்டுகிறது என்பதை. ஒவ்வொரு புதிருக்கும் ஏராளமான கணிப்பைச் செலவிட்டுப் பெற்ற மதிப்பெண்ணை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

இருவரும் எழுதியதைக் கவனமாகப் படித்தேன். கணினித் துறை என்னுடையது அல்ல. இந்த மாவட்டங்களில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. விளைவுகளிலிருந்து கற்றுக்கொண்டே இருக்கும் இயந்திரம் வேண்டும் என்கிறார் அம்மையார். யாருடைய விளைவு?

நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அங்கே ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்ற முடிவின் பலன் அருகிலுள்ள வயலில் உடனே தெரிந்துவிடும். கடைமடையில் பயிர் வாடுவது பல நாள் கழித்து, வேறொரு வட்டத்தில். மகசூலைக் கூட்டு என்று மட்டும் சொல்லிவிட்டால், விரைவாகப் பலன் தெரியும் இடத்திலிருந்தே இயந்திரம் கற்கும். அதன் கணக்கில் தலைமடைக்குத் தண்ணீர் விடுவதுதான் சரியான பாடமாகப் பதியும். ஆண்டுதோறும் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது மதகு இயக்கும் லஸ்கரும் விவசாயிகளும் பொறியாளரும் மதகடியில் நின்று பேசித் தீர்ப்பதெல்லாம், எந்த ஓர் எண்ணாலும் குறிக்க முடியாத பல தேவைகளை ஒத்துப்போக வைக்கும் வேலை. தன் குறிக்கோள் என்ன என்பதிலேயே இயந்திரத்துக்கு உறுதியின்மை இருக்க வேண்டும், அதனால் அது மனிதரைக் கேட்கவும் திருத்தத்தை ஏற்கவும் முன்வர வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ரஸ்ஸல் வாதிடுகிறார் என்று படித்திருக்கிறேன். அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. எடைகள் உறைந்த இயந்திரத்தை ஒருமுறை சோதித்தால், நாளையும் அது அதே இயந்திரம்தான். தொடர்ந்து கற்பது நாளைக்கு வேறொன்றாகிவிடும். இன்று கொடுத்த நற்சான்றிதழ் எதற்கு? கற்றலை முதலில் கட்டிவிட்டுப் பாதுகாப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அச்சமூட்டுகிறது.

திருவாரூர் ஆசிரியை

ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் நிறைவான விடை இல்லை. கற்றதைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதியும், கால இடைவெளியில் மறுசோதனையும் கட்டாயம் வேண்டும் என்ற அளவில்தான் இப்போது சொல்ல முடியும். அவை இல்லாமல் ஷட்டரின் பக்கம் எதையும் விடக் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

கோரையாறு

மூவருக்கும் நன்றி. என் பேச்சை இப்படி அமைக்கலாம் என்று நினைக்கிறேன். எதிரணி மதிப்பெண்களைக் காட்டும்போது நான் ஒரு சோதனையை முன்வைப்பேன். ஒரே மாதிரியின் இரண்டு பிரதிகள். ஒன்று உறைந்தது, மற்றொன்று அன்றாடம் கற்பது. முத்துப்பேட்டையில் ஒரு சம்பா முழுவதும் இரண்டும் யோசனை மட்டும் சொல்ல வேண்டும், செயல் விவசாயியுடையது. அடுத்த ஆண்டு மண்ணும் வடிகாலும் வேறான வேதாரண்யம் பக்கத்தில், யாரும் எதையும் புதிதாக ஊட்டாமல், இரண்டையும் மறுபடி வைக்க வேண்டும். கற்ற பிரதி மேலாக இல்லையென்றால் ஆசிரியை சொன்ன குறை இன்னும் இருக்கிறது என்று பொருள். ஐயா சொன்னதற்காக, தலைமடை விவசாயி ஒருவரும் கடைமடை விவசாயி ஒருவரும் சேர்ந்தே மதிப்பிட வேண்டும். நிரலர் அண்ணன் இந்தச் சோதனையை ஏற்பீர்களா?

குடந்தை நிரலர்

ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. உறைந்த பிரதிக்கும் முதல் ஆண்டின் குறிப்புகள் அனைத்தையும் தேடிப் படிக்கும் வசதி இருக்க வேண்டும். அப்படியும் அது தோற்றால், கட்டுமானத்தில்தான் குறை என்பதை ஒத்துக்கொள்வேன்.