அமெரிக்கப் பல்கலைக்கழக அணியில் பந்து ஆடும் நம் மலேசியத் தோட்டத்துப் பையன்கள்: புதுப் பருவம் வருகிறது, அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

சுங்கை சிப்புட் மாமா எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். என் அக்கா மகன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் காற்பந்து அணியில் ஆடுகிறான், இரண்டாம் டிவிஷன், அதாவது அங்கே உள்ள மூன்று நிலைகளில் நடு நிலை. பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடவில்லை, அவனுக்கு அது பிடிக்காது. செப்டம்பர் முதல் வாரம் அவனுடைய இரண்டாவது பருவம் தொடங்குகிறது, ஆகஸ்ட் நடுவிலேயே பயிற்சிக்குப் போய்ச் சேர வேண்டும், அதனால் வீட்டில் இப்போது பெட்டி கட்டும் வேலை நடக்கிறது. அக்கா ஊறுகாய்ப் பாட்டிலை மூன்றாவது தடவையாக பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிறு தோட்டத்துத் திடலில் பயிற்சி முடிந்ததும் ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு பையன் என்னிடம் வந்து, "அங்கிள், அண்ணன் மாதிரி நானும் போகணும், எங்க ஆரம்பிக்கணும்?" என்று கேட்டான். நல்ல இடது கால் அவனுக்கு. எங்களுக்கு இதையெல்லாம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் இருந்திருக்காது. அதனால் நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

முதலில் பணம். ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு, கோயிலில் மாலைகூடப் போட்டார்கள், ஆனால் முழுச் செலவும் அதில் அடங்கவில்லை. இரண்டாம் டிவிஷனில் ஆண்கள் காற்பந்துக்கு ஒரு பல்கலைக்கழகம் தரக்கூடியது 9 முழு உபகாரச் சம்பளத்துக்குச் சமமான தொகைதான். அதை 25, 30 பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவனுக்குப் பாதி, ஒருவனுக்குக் கால், சிலருக்கு ஒன்றுமே இல்லை. என் மருமகனுக்குப் பந்துக்காகக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சத்தைத் தூக்கிவிட்டது அவனுடைய எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு, அதைப் பார்த்துப் படிப்புக்கென்று தனியாக ஒரு உதவி கொடுத்தார்கள். அதற்கு மேல் துண்டு விழுந்ததை அக்கா தன் இபிஎப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் பிள்ளை படிப்புக்கென்று எடுத்துக் கட்டினார். கையுறைத் தொழிற்சாலையில் இத்தனை வருடம் நின்ற பணம் அது. ஆகவே அந்த இடது கால் பையனிடம் நான் முதலில் கேட்டது, "கணக்குல என்ன மார்க்?" என்றுதான்.

அப்புறம் பாரங்கள். என்சிஏஏ என்பதுதான் அங்கே பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் அமைப்பு. அதன் தகுதிப் பிரிவில் பதிய வேண்டும், பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் முறையாகப் போய்ச் சேர வேண்டும், நீ எங்கெங்கே ஆடினாய், காசு வாங்கினாயா என்று ஒரு கேள்விப் பட்டியல் வரும். இந்தக் கேள்வியில்தான் நாங்கள் ஆடிப்போனோம். நம் ஊரில் தீபாவளிக் கிண்ணம், பொங்கல் கிண்ணம் என்று எழுவர் ஆட்டம் நடக்காத தோட்டம் உண்டா? ஜெயித்தால் பரிசுப் பணம், வேறு தோட்டத்துக்கு ஆடக் கூப்பிட்டால் கையில் 50 வெள்ளி (ரிங்கிட்). பையன் ஒன்றையும் மறைக்கவில்லை. பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது என்று தேதி வாரியாக எழுதினான், பிரச்சினை வரவில்லை. செலவுக்கு மேல் சம்பளம் மாதிரி வாங்கியிருந்தால் சிக்கலாகியிருக்குமோ என்று பயந்தோம். இப்போது ஆடும் பையன்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கிளப்பில் ஒப்பந்தம் போடும் முன் பத்துத் தடவை யோசியுங்கள்.

விசாவுக்கு முன்னால் செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு 350 டாலர், விசாவுக்கு 185 டாலர் கட்டினோம். அதற்குப் பிறகு கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் தூதரக நேர்காணல். அத்தான் செம்பனைக் குலை லாரிக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வெளியே மரத்தடியில் நின்றார்.

முதல் பருவம் கஷ்டமாக இருந்தது. மொத்தப் பருவத்திலும் அவன் திடலில் இருந்தது 61 நிமிடம், நான்கு ஆட்டத்தில் சேர்த்து. நம் பையன்கள் காலில் பந்து வந்தால் கெட்டிக்காரர்கள், சின்ன இடத்தில் திருப்புவார்கள். அங்கே ஆட்டத்தின் வேகமே வேறு. காரணம் ஆள் மாற்றும் விதி. முதல் பாதியில் வெளியே போனவன் அந்தப் பாதியில் திரும்ப முடியாது, ஆனால் இரண்டாம் பாதியில் வெளியே போனவன் ஒரு தடவை மறுபடியும் இறங்கலாம், மாற்றும் எண்ணிக்கையும் நாம் டிவியில் பார்க்கும் ஆட்டத்தைவிட மிக அதிகம். புதுக் கால்கள் வந்துகொண்டே இருப்பதால் 80ஆம் நிமிடத்திலும் யாரும் நடக்க மாட்டார்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைக்குள் ஏறக்குறைய 18 ஆட்டம், சில வாரம் இரண்டு. உடம்பு தேற நேரமே இல்லை.

கடிகாரமும் 45இலிருந்து கீழ்நோக்கி ஓடும். முதல் ஆட்டத்தை போனில் பார்த்தபோது அத்தான், லைன் கெட்டுப்போச்சு என்று இரண்டு தடவை அணைத்துப் போட்டார். கோல், மஞ்சள் அட்டை, காயம் என்றால் கடிகாரத்தை நிறுத்தி வைப்பார்கள், பூஜ்யம் வந்தால் ஆட்டம் முடிந்தது, கூடுதல் நிமிடம் என்று நடுவர் கையில் ஒன்றும் கிடையாது.

பத்தாங் பெர்ஜுந்தை அக்கா எழுதியது:

தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள். எங்கள் கதை கொஞ்சம் கசப்பு. என் கடைசித் தம்பியை அனுப்புகிறேன் என்று ஒரு ஏஜெண்ட் வந்தார், பெயர் வேண்டாம். 8,000 வெள்ளி வாங்கினார். வீடியோ எடுத்துத் தருகிறேன், முழு உபகாரச் சம்பளம், முதல் டிவிஷன் என்றார். எட்டு மாதம் ஓடியது, ஒரு பயிற்சியாளரிடமிருந்தும் மின்னஞ்சல் வரவில்லை, பிறகு அவருடைய போன் எண்ணும் வேலை செய்யவில்லை. அம்மா அதற்காகச் சங்கிலியை அடகு வைத்திருந்தார்.

பிறகு என் தம்பியே செய்தான். ஆட்டத்தை நண்பனின் போனில் எடுத்து, நல்ல இடங்களை மட்டும் வெட்டி நாலு நிமிடமாக ஒட்டி, பல்கலைக்கழக இணையத்தளங்களில் பயிற்சியாளரின் மின்னஞ்சல் பகிரங்கமாகவே இருக்கிறது, அதற்கு நேராக எழுதினான். 70க்கு மேல் அனுப்பி 6 பதில் வந்தது. அதில் 4 மூன்றாம் டிவிஷன். அங்கே விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளமே கிடையாது, படிப்புக்கும் குடும்ப வசதியைப் பார்த்தும்தான் உதவி. எங்களால் மிச்சத்தைக் கட்ட முடியவில்லை, அவன் போகவில்லை. இப்போது கோலாசிலாங்கூரில் வேலை, சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான். ஒரு காசு கொடுக்காமல் ஆறு பதில் வந்தது என்பதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பழைய ஆட்டக்காரர் எழுதியது:

படித்தேன். எனக்கு 60க்கு மேல் ஆகிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3-0 என்று அடித்தது. அப்போது நான் சின்னப் பையன், லயத்தில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு ரேடியோவைச் சுற்றி ஆட்கள் நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. அந்த அமெரிக்காவுக்குத்தான் இப்போது நம் பிள்ளைகள் பந்து ஆடப் போகிறார்கள்.

1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை வென்று மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றபோது கோல் கம்பத்தில் நின்றவர் நம் ஆறுமுகம். நாடு அந்த ஒலிம்பிக்குக்குப் போகவில்லை, அது வேறு கதை. அவரைப் பார்த்துத்தான் எங்கள் தோட்டத்தில் ஆளாளுக்குக் கோல் கீப்பராக நின்றோம். எங்களில் ஒருவர்கூடப் பதினெட்டு வயதுக்குப் பிறகு படிக்கவில்லை. பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டும், ரப்பர் பால் வெட்ட வேண்டும், சாயங்காலம் பந்து. படித்துக்கொண்டே ஆடலாம் என்று ஒரு வழி இருப்பதாக யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

கல்லூரி மாணவன் எழுதியது:

மாமா, அமெரிக்கா எல்லாருக்கும் கைக்கு எட்டாது, உள்ளூரையும் சொல்ல வேண்டும். நான் இங்கே ஒரு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். முதல் வருடம் அணித் தேர்வு நடந்ததே எனக்குத் தெரியாது. செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு டெலிகிராம் குழுவில் மட்டும் போட்டிருந்தார்கள், நான் அந்தக் குழுவில் இல்லை. விசாரித்தபோது அடுத்த வருடம் வா என்று சொல்லிவிட்டார்கள், ஒரு பருவம் வீணாகப் போனது. இரண்டாம் வருடம் பதிவு நாளன்றே விளையாட்டு மையத்துக்கு நடந்து போய்ப் பெயர் கொடுத்தேன். 100க்கு மேல் பேர் வந்தார்கள், எடுத்தது 25.

நம் நாட்டிலும் யுனிவர்சிட்டிப் பந்து சாதாரணமானதில்லை. யுஐடிஎம் (மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) அணி 2020, 2021 இரண்டு வருடமும் நாட்டின் முதல் நிலை லீக்கான சூப்பர் லீக்கில் ஆடியது. இன்னொரு பக்கம், மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்திலிருந்து வளர்ந்த கிளப் பிறகு பிஜே சிட்டி என்று சூப்பர் லீக் வரைக்கும் போனது, நம் பையன்கள் பலர் அதில் ஆடினார்கள். 2022 பருவத்தோடு அது லீக்கிலிருந்து விலகிய பிறகு, அப்படி ஒரு வாசல் இல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். அதனாலேயே படிப்பு வழியாகப் போகும் வாசலை விடக்கூடாது என்கிறேன்.

ஓர் அம்மா எழுதியது:

என் மகன்தான் அந்த இடது கால் பையன் என்று நினைக்கிறேன், திடலிலிருந்து வந்ததும் கணக்குப் புத்தகத்தை எடுத்தான். எனக்கு ஒரே பயம், வாரத்தில் இரண்டு ஆட்டம் என்றால் எப்போது படிப்பான்?

சுங்கை சிப்புட் மாமா எழுதியது:

அம்மா, அந்தப் பயம் அக்காவுக்கும் இருந்தது. படிக்காமல் அங்கே ஆடவே முடியாது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும், மதிப்பெண் சராசரி நாலுக்கு 2.0க்குக் கீழே போனால் ஆடும் தகுதி போய்விடும். இவனுடைய பயிற்சியாளர் புது மாணவர்களை வாரத்துக்கு எட்டு மணி நேரம் நூலகத்தில் கையெழுத்துப் போட்டுப் படிக்க வைத்தார். வெளியூர் ஆட்டத்துக்கு பஸ்ஸில் ஐந்து ஆறு மணி நேரம், பாதிப் பேர் மடியில் கணினியோடுதான் போவார்கள். வேலை செய்தால் வளாகத்துக்குள் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இவன் உடற்பயிற்சிக் கூடத்தில் துண்டு மடிக்கிறான், அந்தக் காசில்தான் அரிசியும் பருப்பும்.

போட்டியாளர்கள் யார் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். முதல் டிவிஷனில் 2020 பருவத்துக் கிண்ணத்தை வென்ற மார்ஷல் பல்கலைக்கழக அணியில் வெளிநாட்டு மாணவர்கள் பலர், ஐரோப்பாவில் அகாடமியில் வளர்ந்தவர்கள். கோவிட் காரணமாக அந்த இறுதியாட்டமே 2021 மே மாதம்தான் நடந்தது. அதே மார்ஷலை 2024 இறுதியாட்டத்தில் வெர்மாண்ட் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது, தரவரிசையில் இடம் கொடுக்கப்படாமல் உள்ளே வந்த அணி அது. என் மருமகன் அந்த ஆட்டத்தை எத்தனை தடவை பார்த்தானோ தெரியாது. எஸ்பிஎம் முடிந்த கையோடு ஆரம்பியுங்கள், ஒரு வருடம் இரண்டு வருடம் ஊர் லீக்கில் ஆடிவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போட்டால் தகுதிக்கே இடைஞ்சல் வரலாம்.

சுங்கை சிப்புட் மாமா எழுதியது (மூன்று வாரம் கழித்து):

பையன் போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. மருத்துவப் பரிசோதனை முடிந்தது. போன வருடம் அரிவாள் செல் (பரம்பரையாக வரும் ஒரு இரத்தக் கோளாறு) இரத்தப் பரிசோதனை என்றதும் அக்கா பதறிப் போனார், அது அங்கே ஆட்டக்காரர் எல்லாருக்கும் கேட்பது, பயப்பட ஒன்றுமில்லை. ஓட்டத் தேர்வில் இந்தத் தடவை முதல் ஐந்து பேருக்குள் வந்திருக்கிறான். விடுமுறை முழுக்க விடியற்காலை ஐந்தரைக்குச் செம்பனைக் காட்டுச் சடக்கில் ஓடினான், பெரட்டுக்குப் போகிறவர்கள் மோட்டாரில் விளக்கடித்துக் கூடவே வந்தார்கள்.

இரண்டு நாளாக அவனை வலது பின்களத்தில் நிறுத்திப் பார்க்கிறாராம் பயிற்சியாளர். சின்ன வயதிலிருந்து நடுக்களம் ஆடியவன், கொஞ்சம் குழம்பிப் போயிருக்கிறான். எங்கே நிறுத்தினாலும் நில் என்று அத்தான் சொன்னார், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. போன வருடம் அந்த இடத்தில் ஆடிய பையன் படிப்பு முடித்துப் போய்விட்டான், இப்போது மூன்று பேர் அந்த இடத்துக்குப் போட்டி.

முதல் ஆட்டம் அங்கே வெள்ளி இரவு 7 மணி, நாம் அவர்களைவிடச் சரியாக 12 மணி நேரம் முன்னே இருப்பதால் நமக்குச் சனி காலை 7. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் வைப்பார்கள், அதற்குப் பிறகு 8 மணிக்குப் பாருங்கள். அத்தான் பக்கத்து வீட்டிலிருந்து பெரிய டிவியைக் கேட்டு வாங்கிவிட்டார். அந்தச் சனிக்கிழமை ஆறரைக்கே வீடு திறந்திருக்கும், அக்கா இடியப்பம் அவிக்கிறார், பசியாறாமலே வாருங்கள். அந்த அம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும், வலது பின்களத்தில் நிற்பவன் எப்போது மேலே ஓடுகிறான், எப்போது ஓடாமல் நிற்கிறான் என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.