எடின்பரோ போகும் பிள்ளைகளுக்கு: நாடாளுமன்றத்தில் பெட்டியடி வேலை பார்த்த கதை

காரைக்குடிப் பக்கத்திலிருந்து இந்த செப்டம்பரில் எடின்பரோவுக்குப் படிக்கப் போகிற மூன்று பேர், அங்கே எப்படி இருக்கும், என்ன தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே வாரத்தில் என்னிடம் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கம்பளிச் சட்டை எத்தனை, குக்கர் எந்த அளவு என்பதெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதியாயிற்று. (ஒன்று மட்டும்: நெய்யும் பால்கோவாவும் பெட்டியில் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதி கிடையாது. சீப்புச் சீடைக்குத் தடையில்லை.) நான் சொல்ல வந்தது, முதுகலை படிக்கும்போது ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் பத்து வாரம் இன்டர்ன்ஷிப் செய்ததைப் பற்றி. அந்தப் பக்கமே போகாதவர்களுக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

இடம் கிடைத்ததும் பள்ளத்தூருக்குப் போன் செய்து ஐயாவிடம் (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னேன்.

"சம்பளம் எவ்வளவு?"

"சம்பளம் கிடையாது ஐயா. படிப்போடு சேர்ந்தது. கற்றுக்கொள்ளத்தான்."

"அப்ப பெட்டியடிப் பையன் வேலைன்னு சொல்லு ஆத்தா."

ஐயாவின் அப்பச்சி, அதாவது அவர் அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வட்டித் தொழில் செய்ய) போனபோது கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுபிடி வேலை செய்து, பார்த்துப் பார்த்துத் தொழில் கற்று, அப்புறம்தான் அடுத்தாள் (முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த நிலை) ஆனவர். பத்து வாரம் முடிந்தபோது ஐயா சொன்னதைவிடச் சரியான பெயர் எனக்கும் தோன்றவில்லை.

முதல் வாரமே மானம் போனது. திங்கட்கிழமை காலை காலண்டரைப் பார்த்தால் வெள்ளிக்கிழமைக்கு நேராக 'சர்ஜரி' என்று இருந்தது. பாவம், உறுப்பினருக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்து, "ஆபரேஷன் நல்லபடியாக முடியும்" என்று அவரிடமே ஆறுதல் சொன்னேன். சர்ஜரி என்றால் தொகுதி மக்களை நேரில் சந்தித்துக் குறை கேட்பது. நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குவார்களே, அதுபோல. ஆனால் கூட்டமும் இல்லை, கைகட்டி நிற்பதும் இல்லை. வந்தவர் உறுப்பினரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எதிரே உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டுப் போகிறார்.

இரண்டாவது அடி கடிதத்தில். பஸ் தடம் ஒன்றை நிறுத்தியதைப் பற்றிக் கேட்டவருக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். 'ரெஸ்பெக்டட் மேடம்' என்று தொடங்கி, 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' வரை நம் ஊர் இங்கிலீஷை முழுதாக இறக்கிவிட்டேன். அலுவலகத்து மூத்த உதவியாளர் படித்துப் பார்த்து, "இவருக்கு மரியாதை வேண்டாம், பஸ் ஏன் நின்றது என்ற பதில் வேண்டும்" என்றார். இரண்டு பக்கம் ஐந்து வரியானது. மரியாதையைப் பேச்சில் கொட்டக் கூடாது, பதிலைச் சீக்கிரம் அனுப்புவதில் காட்ட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. உறுப்பினர் உள்ளே வரும்போதெல்லாம் நான் எழுந்து நின்றதும் அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது என்று பின்னால் தெரிந்தது. டீயும் அப்படித்தான், முறை வைத்துப் போடுகிறார்கள். உறுப்பினர் எனக்குப் போட்ட நாளில் வாங்கவே கை கூசியது.

சபை நடப்பது செவ்வாய், புதன், வியாழன். திங்களும் வெள்ளியும் தொகுதி வேலை. வியாழன் நண்பகல் முதலமைச்சரிடம் கேள்வி கேட்கும் நேரம், அன்றுதான் கட்டடத்தில் சூடு தெரியும். வாக்கெடுப்பு பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்கு மொத்தமாக நடக்கும். சென்னைச் சட்டசபையில் மாதிரி குரல் வாக்கெடுப்பு இல்லை, மின்னணு முறையில் வாக்களிக்கிறார்கள். வெளியே டிவியில் வருவது இதுதான். உள்ளே நான் பார்த்த வேலையில் முக்கால்வாசி கடிதம். ஒரே வாசகத்தில் வரும் பிரசார மின்னஞ்சல் ஒரு பக்கம், ஒருவரின் வீடு, மருத்துவமனை, பள்ளி என்று வரும் தனிக் குறைகள் இன்னொரு பக்கம்.

பத்து வாரத்தில் தமிழ்ப் பெயரோடு வந்தது ஒரே ஒரு கடிதம். அதுவும் 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று ஆரம்பித்தது. நம் ஆட்களுக்குக் குறையே இல்லையா? எடின்பரோவில் எந்தத் தமிழ் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அரை மணி நேரம் குறைதான் பேச்சு. 'நாம் வெளியூர்க்காரர்கள், ஓட்டா போடுகிறோம்' என்ற நினைப்பு. அதைத்தான் முதலில் விட வேண்டும். குடியிருக்கும் முகவரி அந்தத் தொகுதியில் இருந்தால் போதும், ஓட்டுப் போடாதவருக்கும் அந்தத் தொகுதி உறுப்பினர்தான் பிரதிநிதி.

அதோடு, நமக்கு ஓட்டும் உண்டு! இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், மாணவர் விசாவில் இருக்கும் இந்தியக் குடிமகன்கூட அங்கே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். பிரிட்டன் பொதுத் தேர்தலுக்கு 18 வயது, ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலுக்கு 16. ஆன்லைனில் சில நிமிட வேலை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போன் ஒப்பந்தம், கடன் என்று போகும்போது முகவரியைச் சரிபார்க்கவும் அது உதவும்.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் குழப்பம். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் 129 பேர். அதில் 73 பேர் தொகுதி உறுப்பினர்கள், மற்ற 56 பேர் எட்டு வட்டாரங்களுக்கு ஏழு ஏழு பேராக. ஆக உங்களுக்கு ஒருவர் இல்லை, எட்டுப் பேர். மருத்துவம், கல்வி, வாடகை வீடு, போலீஸ் எல்லாம் இவர்கள் பக்கம். விசா, குடியேற்றம் லண்டன் வசம், அதற்கு லண்டன் நாடாளுமன்றத்தில் இருக்கும் உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுத வேண்டும். குப்பைத் தொட்டி, தெருவிளக்கு என்றால் கவுன்சிலர். விசா தாமதத்துக்கு எங்களுக்கு எழுதியவர்களை எம்.பி. பக்கம் திருப்பிவிட்டதிலேயே பல நாள் போயிற்று. எழுதும்போது முதல் வரியிலேயே முழு முகவரியும் அஞ்சல் குறியீடும் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எந்தத் தொகுதி என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் திரும்பி வரும், ஒரு வாரம் வீண்.

இதில் எனக்கே ஒரு லாபம் கிடைத்தது. வாடகை முன்பணம் பற்றிய ஒரு பதிலுக்காகச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்தில் தனியார் வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்கியதை, வாடகை தொடங்கி 30 வேலை நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் கட்டி, உங்களுக்கு விவரம் தர வேண்டும். தவறினால் தீர்ப்பாயம் முன்பணத்தைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். படித்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் குடியேறி ஐந்து மாதம், எனக்கு ஒரு காகிதமும் வரவில்லை. அன்று மாலையே வீட்டுக்காரருக்கு ஐந்து வரியில் எழுதினேன் ('கைண்ட்லி' இல்லாமல்). அந்த வாரக் கடைசிக்குள் பணம் திட்டத்தில் ஏறிவிட்டது.

விசா மணிக்கணக்கில் மட்டும் விளையாட வேண்டாம். பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சம்பளமில்லாத வேலையும் அந்தக் கணக்கில் சேரும். ஒரு வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சராசரி பார்க்க முடியாது. என்னுடையது பாடத்திட்டத்தில் உள்ள பயிற்சி என்பதால் கணக்கு வேறு. நீங்களாக ஓர் உறுப்பினருக்கு எழுதி இடம் பிடித்தால், சேருவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கீழே பின்னூட்டத்தில் கேட்டவர்களுக்கு:

தேவகோட்டைத் தம்பி, பேச்சு புரியுமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு வாரம் புரியாது, சரியாகிவிடும். 'ஐ' (aye) என்றால் 'நான்' இல்லை, ஆமாம் என்று அர்த்தம். 'அவுட்வித்' என்று அரசாங்கக் கடிதத்திலேயே வரும், எழுத்துப் பிழை என்று நான் ஒருமுறை திருத்தி வைத்தேன். 'அதற்கு வெளியே' என்று பொருள், ஸ்காட்லாந்துச் சொல்.

கானாடுகாத்தான் ஆச்சி, உங்கள் மகளுக்கு மருந்துச் செலவு பற்றிப் பயம் வேண்டாம். விசாவோடு மருத்துவக் கட்டணம் கட்டிவிடுகிறீர்கள், ஸ்காட்லாந்தில் மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்குத் தனியாகக் காசில்லை. போனதும் பக்கத்து ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) பதிவு செய்யச் சொல்லுங்கள், காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வயது 22 ஆகவில்லை என்றால் பஸ்ஸும் இலவசம். எனக்கு அந்த யோகம் தப்பிவிட்டது.

இன்டர்ன்ஷிப் இல்லாமல் உள்ளே பார்க்க முடியுமா என்று கேட்ட தம்பிக்கு: தாராளமாக. பார்வையாளர் மாடம் இலவசம், வாசலில் விமான நிலையம்போல் பையைச் சோதிப்பார்கள். வியாழன் கேள்வி நேரத்துக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். வெளியே நின்று உறுப்பினர் அறைகளின் ஜன்னல்களையும் பாருங்கள், சுவரைவிட்டுத் துருத்திக்கொண்டிருக்கும். உள்ளே உட்கார்ந்து யோசிப்பதற்கென்று இந்தக் கட்டடத்தின் வடிவமைப்பாளர் என்ரிக் மிராய்யெஸ் வடிவமைத்த இருக்கை அது, நம் வீட்டுத் திண்ணையைச் சுருக்கி ஜன்னலில் வைத்த மாதிரி. கட்டி முடிவதற்குள் அவர் 2000இல் இறந்துபோனார். எங்கள் உறுப்பினர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பதில் போடாத கடிதங்களை அதில்தான் அடுக்கி வைத்திருந்தார்.